பத்துக்குப் பதில் நாற்பது: கண்ணிமைக் கட்டிக்கு மருந்து எடுத்துவந்த ஒரு குழந்தையின் நிகழ்வு ஆய்வு

இதை எழுதக் குழந்தையின் பெற்றோர் சம்மதம் தந்திருக்கிறார்கள். பெயர், ஊர், எஸ்டேட், மருத்துவமனை, கடை எதையும் குறிப்பிடவில்லை. நான் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் மருந்தாளுநர். குழந்தை எங்களிடம் வந்த நாள் முதல் மருந்து நிறுத்தப்பட்ட நாள் வரை உடனிருந்து பார்த்ததை வரிசையாக எழுதுகிறேன்.

பின்னணி

கூடலூர், லோயர் கேம்ப் தாண்டி மலையேறினால் குமுளி. அதற்கப்பால் வண்டிப்பெரியார், பீர்மேடு, ஏலப்பாறை என்று தேயிலைத் தோட்டங்கள். அங்குள்ள லயங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. பெண் எடுப்பதும் கொடுப்பதும் பெரும்பாலும் கீழே, தேனி மாவட்டத்தில்தான். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து, பிள்ளைக்கு நாலைந்து மாதம் ஆனதும் மறுபடி மலையேறுவார்கள். அதனால் ஒரு குழந்தையின் வைத்தியம் ஒரு மாநிலத்தில் தொடங்கி அடுத்த மாநிலத்தில் தொடரும். மருந்துச் சீட்டு ஆங்கிலத்தில் இருக்கும், விளக்கம் தமிழில் கிடைக்கும், மருந்து வாங்கும் கடையில் மலையாளம் பேசுவார்கள்.

இந்தக் குழந்தை பெண். கம்பம் அருகே தாய்வீட்டில் இருந்தபோது, பிறந்து இரண்டாவது வாரத்தில் வலது மேலிமையில் சிவப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. கிரகணத்தில் பட்ட மச்சம், தானாகப் போய்விடும் என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னார்கள். ஏழாவது வாரத்தில் அது இமையில் பாதியை மூடித் தடித்திருந்தது. கண் முழுதாகத் திறக்கவில்லை. ஒன்பதாவது வாரத்தில் மதுரையில் தோல் மருத்துவரும் கண் மருத்துவரும் பார்த்து, இரத்தக்குழாய்க் கட்டி, அதாவது ஹீமாஞ்சியோமா என்று உறுதி செய்தார்கள்.

பெரியவர்கள் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. இந்தக் கட்டிகளில் பெரும்பாலானவை முதல் சில மாதங்கள் வேகமாக வளர்ந்து, ஒரு வயதுக்குப் பிறகு மெல்ல மெல்லச் சுருங்கும். முதுகிலோ கையிலோ சிறியதாக இருந்தால் காத்திருக்கலாம். இமையில் இருந்தால் காத்திருக்க முடியாது. பார்வை உருவாகும் மாதங்களில் ஒரு கண்ணை மூடிவைத்தால் மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்தவே கற்காது. பின்னால் கட்டி போனாலும் பார்வை திரும்பும் என்று சொல்ல முடியாது.

ஏன் பிரஷர் மாத்திரை

எழுதப்பட்ட மருந்து ப்ரொப்ரனலால். 1960களில் வந்த இதய மருந்து; அட்ரினலினின் வேலையைத் தடுக்கும் 'பீட்டா தடுப்பு' வகை. பெரியவர்களுக்கு இரத்த அழுத்தம், படபடப்பு, ஒற்றைத் தலைவலி என்று பலவற்றுக்கும் இன்றும் கொடுக்கப்படுவது. 2008இல் பிரான்சின் போர்தோ நகர மருத்துவர்கள், இதயக் கோளாறுக்காக இதை எடுத்த ஒரு குழந்தையின் முகத்துக் கட்டி சுருங்குவதைத் தற்செயலாகக் கவனித்து எழுதினார்கள். அதுவரை ஸ்டீராய்டைத்தான் நம்பியிருந்தோம். சில ஆண்டுகளில் இதுவே முதல் மருந்தானது. 2014இல் அமெரிக்காவும் ஐரோப்பாவும் கைக்குழந்தைகளுக்கென்றே தயாரித்த திரவ வடிவத்துக்கு உரிமம் கொடுத்தன.

நம் பக்கத்துக் கடைகளில் கிடைப்பது பெரியவர்களுக்கான மாத்திரைதான். 10, 20, 40 மில்லிகிராம் என்று வரும். கைக்குழந்தையின் கட்டிக்கு என்று அதில் எங்கும் எழுதியிருக்காது. ஆக இங்கே இரண்டு விஷயங்கள் ஒன்றாக நடக்கின்றன. மருந்துக்கு உரிமம் உண்டு, ஆனால் இந்த வயதுக்கும் இந்த நோய்க்கும் இல்லை. அதோடு, அந்த மாத்திரையைப் பொடித்துத் தண்ணீரில் கரைக்கும்போது எந்தத் தொழிற்சாலையும் சோதித்துப் பார்க்காத ஒரு புது வடிவத்தை நாமே உண்டாக்குகிறோம்.

இது மட்டமான வைத்தியம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. உலகம் முழுக்கக் குழந்தை வைத்தியத்தில் பெரும்பகுதி இப்படித்தான் நடக்கிறது. 2000இல் வெளியான ஓர் ஆய்வில், ஐந்து ஐரோப்பிய நாடுகளின் குழந்தைகள் வார்டுகளில் இருந்த 624 குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கு, உரிமத்துக்கு வெளியேயோ உரிமம் இல்லாமலோ குறைந்தது ஒரு மருந்தாவது கொடுக்கப்பட்டிருந்தது. இந்தக் குழந்தைக்கு ப்ரொப்ரனலால் எழுதியது சரியான முடிவு, எழுதாமல் விட்டிருந்தால்தான் தவறு. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இனி வரும் பகுதியைப் படித்துவிட்டு யாரும் மருந்தையே குறை சொல்லக் கூடாது.

வீட்டில் கொடுத்த விதம்

மதுரையில் இதயச் சுருள்படம் (இ.சி.ஜி.), எக்கோ, சர்க்கரை எல்லாம் பார்த்து, முதல் வேளை மருந்தை அங்கேயே கொடுத்து, இரண்டு மணி நேரம் நாடித்துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் கவனித்துத்தான் அனுப்பியிருக்கிறார்கள். எடை அப்போது 5 கிலோ. முதல் வாரம் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1 மி.கி., பிறகு 2 மி.கி. வீட்டுக்குச் சொன்ன வழி எளிமையானது. 10 மி.கி. மாத்திரை ஒன்றைப் பொடித்து 10 மில்லி தண்ணீரில் கரைத்தால் ஒரு மில்லிக்கு ஒரு மில்லிகிராம். வேண்டியதைச் சிரிஞ்சில் எடுத்துக் கொடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்டிவிட வேண்டும். ப்ரொப்ரனலால் தண்ணீரில் நன்றாகக் கரையும் மருந்து என்பதால், மாத்திரையைக் கத்தியால் பாதி, கால் என்று வெட்டுவதைவிட இது துல்லியமான முறைதான்.

"என் பிள்ளைக்குப் பிரஷர் இல்லையே, இதை ஏன் கொடுக்கணும்?" என்று அம்மா அங்கே கேட்டிருக்கிறார். விளக்கியிருக்கிறார்கள். மூன்றே வாரத்தில் கட்டி வெளிறித் தளர்ந்தது. கண் திறந்தது. எடை 6 கிலோ ஆனபோது அளவை 6 மில்லியாக, காலை மாலை இரு வேளை, உயர்த்தினார்கள்.

இந்த இடத்தில் இரண்டு தாள்கள் இருந்ததைக் கவனிக்க வேண்டும். ஒன்று ஆங்கிலத்தில் எழுதிய புறநோயாளிச் சீட்டு. அதில் 10 மி.கி. என்று தெளிவாக இருந்தது. இன்னொன்று, அம்மாவுக்குப் புரியட்டும் என்று யாரோ அக்கறையோடு தமிழில் எழுதிக் கொடுத்த துண்டுச்சீட்டு: "1 மாத்திரை, 10 மில்லி தண்ணீர், 6 மில்லி, காலை மாலை, பால் குடித்த பிறகு." இதில் மாத்திரையின் வீரியம் இல்லை. வீட்டில் அடுப்படிச் சுவரில் ஒட்டியிருந்தது இரண்டாவது தாள்.

மலையேறிய பிறகு

ஐந்து மாதம் முடிந்து குழந்தை எஸ்டேட்டுக்குப் போனது. அம்மா கொழுந்து எடுக்கும் வேலைக்குத் திரும்பினார். அப்பா ஜீப் ஓட்டுகிறார், விடியும் முன்பே கிளம்பிவிடுவார். காலை மருந்து அப்பாவின் அம்மா கைக்கு வந்தது. ஒரு வாரம் மருமகள் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தார்.

மாத்திரை தீர்ந்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அப்பா இரவில் அந்தப் பக்கத்து மெடிக்கலில் சீட்டைக் காட்டியபோது 10 இல்லை, 40தான் இருக்கிறது என்றார்கள். கால் மாத்திரை போட்டால் சரியாகிவிடும் என்று வாயால் சொன்னார்கள். காகித உறையின் மேல் மலையாளத்தில் அதையே ஒரு வரி எழுதியும் கொடுத்தார்கள். அப்பா மலையாளப் பள்ளியில் படித்தவர், அவருக்கு அது புரிந்தது. வீட்டுக்கு வரும்போது மற்றவர்கள் தூங்கியிருந்தார்கள். உறையைச் சாமி அலமாரியில் வைத்துவிட்டு, மறுநாள் விடியும் முன் ஜீப்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மலையாளம் படிக்கத் தெரியாத இரண்டு பெண்களிடம் அந்த உறை வந்து சேர்ந்தது.

குழந்தைக்கு இரண்டு நாளாகச் சளி. மூக்கடைத்துப் பால் சரியாகக் குடிக்கவில்லை. புதன் விடியற்காலை ஐந்து மணிக்குக் கொஞ்சம் தாய்ப்பால் குடித்தது. எட்டு மணிக்குப் பாட்டி மருந்து கொடுத்தார். அதன்பின் கூழ் ஊட்டப் பார்த்தார், குழந்தை வாயைத் திருப்பிக்கொண்டது.

புதன்கிழமை காலை

பதினோரு மணிவாக்கில் குழந்தை சோர்ந்து கிடந்தது. தலையும் கழுத்தும் வியர்த்து, கைகால் சில்லிட்டிருந்தது. பாட்டி உடனே பக்கத்து வீட்டுப் பையனை அனுப்பி மருமகளைக் கூட்டிவரச் செய்தார். அருகிலிருந்த சிறிய மருத்துவமனையில் செவிலியர் குதிகாலில் குத்திச் சர்க்கரை பார்த்தார்: 31, மிகக் குறைவு. டிரிப் ஏற்ற நரம்பு கிடைக்கவில்லை. சர்க்கரைக் கரைசலை நாக்குக்கடியிலும் ஈறிலும் துளித்துளியாகத் தடவிக்கொண்டே எங்களிடம் அனுப்பி வைத்தார். குழந்தை உயிரோடு மலையிறங்கியதில் அந்தச் செவிலியருக்குப் பெரும் பங்கு உண்டு. சோர்ந்த கைக்குழந்தைக்கு முதலில் சர்க்கரை பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதே போதும்.

எங்களிடம் வந்தபோது மணி 12.40. சர்க்கரை 38, உடல் வெப்பம் சற்றுக் குறைவு, நெஞ்சில் லேசான விசில் சத்தம். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 88.

வார்டில் எடுத்த முடிவுகள்

முதல் முடிவுக்கு யோசனை தேவைப்படவில்லை. 10 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரைக் கரைசல், கிலோவுக்கு 2 மில்லி கணக்கில் 12 மில்லி நரம்பில் ஏற்றி, தொடர்ந்து டிரிப். கால்மணி நேரத்தில் சர்க்கரை 74.

அடுத்த கேள்வி, ஏன் இறங்கியது? சளி, சோர்வு, சில்லிட்ட கைகால் என்றால் யாரும் முதலில் கிருமித்தொற்றைத்தான் நினைப்பார்கள். பணியிலிருந்த மருத்துவரும் அதற்கான இரத்தப் பரிசோதனைகளை அனுப்பினார், அது சரியும்கூட. ஆனால் அந்த 88 என்ற எண் அவரை உறுத்தியது. சர்க்கரை இவ்வளவு இறங்கினால் உடல் அட்ரினலினைக் கொட்டும், குழந்தையின் இதயம் 160, 170 என்று ஓட வேண்டும். இங்கே வியர்வை மட்டும் இருக்கிறது, படபடப்பு இல்லை. பீட்டா தடுப்பு மருந்து உடலில் இருந்தால் இப்படித்தான் இருக்கும். கல்லீரல் தன் கையிருப்புச் சர்க்கரையை வெளியே விடுவதை அது தடுக்கிறது. ஆபத்தைக் காட்டிக்கொடுக்கும் நடுக்கத்தையும் படபடப்பையும் மறைத்துவிடுகிறது. வியர்வை வேறு நரம்பு வழியாக வருவதால் அதை மறைக்க முடிவதில்லை.

"வேறு ஏதாவது மருந்து கொடுக்கறீங்களா?" என்று கேட்டபோது அம்மா, "கண் மச்சத்துக்கு ஒண்ணு" என்றார். மருந்தின் பெயர் அவருக்கு நினைவில்லை. சீட்டு வீட்டில் இருந்தது. இமையைப் பார்த்ததும் மருத்துவருக்கும் எனக்கும் எந்த மருந்து என்று புரிந்துவிட்டது. ஆனால் சரியான அளவில் கொடுத்ததா, கூடிவிட்டதா? சரியான அளவிலேயே, பட்டினி கிடக்கும் குழந்தைக்குச் சர்க்கரை இறங்கலாம். அதனால் இரண்டையும் மனத்தில் வைத்துக்கொண்டோம்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் போனில் சொல்லி மாத்திரை அட்டையைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொன்னோம். முதல் படத்தில் அலுமினியத் தாள் பளபளத்து எதுவும் தெரியவில்லை. இரண்டாவதில் 40 என்ற எண் தெரிந்தது. மூன்றாவது படம் கேட்டு வாங்கியதற்குக் காரணம் உண்டு. ப்ரொப்ரனலால் 40, சாதாரண மாத்திரையாகவும் வரும், நாள் முழுக்க மெல்லக் கசியும் எல்.ஏ. வகையாகவும் வரும். பெயரில் அந்த இரண்டு எழுத்துதான் வித்தியாசம். எல்.ஏ. என்றால் கண்காணிப்பை வெகுநேரம் நீட்டிக்க வேண்டியிருக்கும். படத்தில் அந்த எழுத்துகள் இல்லை. ஒரு மாத்திரை 10 மில்லியில், 6 மில்லி என்றால் 24 மி.கி. 6 கிலோ குழந்தைக்கு ஒரே வேளையில் கிலோவுக்கு 4 மி.கி. போயிருக்கிறது. கொடுக்க வேண்டியது 6 மி.கி.

விசில் சத்தத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் சால்ப்யூட்டமாலைத் தவிர்த்தோம். அது வேலை செய்ய வேண்டிய அதே பூட்டுகளில்தான் ப்ரொப்ரனலால் உட்கார்ந்திருக்கிறது. மூக்குக்கு உப்புநீர்த் துளி, உறிஞ்சி எடுத்தல், ஆக்சிஜன் இவற்றோடு நிறுத்தி, மூச்சு மோசமானால், வேறு வழியில் மூச்சுக்குழாயை விரிக்கும் இப்ராட்ரோப்பியம் என்று முடிவு செய்தோம், அதற்குத் தேவை வரவில்லை. பீட்டா தடுப்பு மருந்தின் நஞ்சேற்றத்துக்கு முறிமருந்தாகக் கொடுக்கும் குளூக்ககான் எங்களிடம் இருப்பில் இல்லை. நாடித்துடிப்போ இரத்த அழுத்தமோ இன்னும் இறங்கினால் உடனே மாற்ற, பெரிய மருத்துவமனை ஒன்றின் தீவிர சிகிச்சைப் பிரிவிடம் முன்கூட்டியே பேசி வைத்தோம். இதயச் சுருள்படத்தில் துடிப்பு சீராக இருந்தது, வேகம் மட்டும் குறைவு.

மாலை ஆறு மணிக்கு நாடி 104. இரவு முழுக்க மணிக்கொரு தரம் சர்க்கரை பார்த்தோம், 70க்குக் கீழே போகவில்லை. மறுநாள் காலை குழந்தை நன்றாகப் பால் குடித்ததும் டிரிப்பைக் குறைத்தோம். தொற்றுப் பரிசோதனைகளில் ஒன்றும் இல்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினோம்.

பிழை எங்கே

வியாழன் மதியம் பாட்டியை மருந்தகத்துக்கு அழைத்து, வீட்டில் செய்வதை அப்படியே செய்து காட்டச் சொன்னேன். அதற்குள் உறவுக்காரர்கள் வந்து அவரைச் சுற்றி நின்று பேசிவிட்டுப் போயிருந்தார்கள். "நாந்தான் தாயி பிள்ளைக்கு விஷத்தக் குடுத்திட்டேன்" என்று அழுதபடியே வந்தார்.

ஒரு 10 மி.கி. மாத்திரையைக் கொடுத்தேன். கை கழுவினார். ஒரு எவர்சில்வர் கரண்டியில் மாத்திரையை வைத்து மேலே இன்னொரு கரண்டியை வைத்து அழுத்தித் திருகினார். பொடி மாவாகும் வரை விடவில்லை. சிரிஞ்சால் 10 மில்லி கொதித்து ஆறிய நீரைச் சின்னக் கிண்ணத்தில் அளந்து ஊற்றி, கரண்டியை அதற்குள்ளேயே அலசினார், பொடி ஒட்டிக்கொள்ளுமாம். கலக்கி, சிரிஞ்சில் 6 மில்லி எடுத்து, காற்றுக் குமிழியைத் தட்டி வெளியேற்றி, கறுப்பு ரப்பரின் மேல்விளிம்பு 6இல் நிற்கிறதா என்று கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். பிறகு அதைப் பாலாடையில் விட்டார். எங்கள் பயிற்சி மாணவர்கள் சிலர்கூட இவ்வளவு கவனமாகச் செய்வதில்லை.

பாட்டி செய்ததில் ஒரு சின்ன விஷயம் மட்டுமே மாற்ற வேண்டியிருந்தது. பாலாடையில் கொஞ்சம் மருந்து தங்கிவிடும், சிரிஞ்சிலிருந்தே கன்னத்தின் உட்பக்கம் விடுவது மேல். மற்றபடி சுவரில் ஒட்டியிருந்த சீட்டில் சொன்னதை வரி பிசகாமல் செய்திருக்கிறார். சீட்டில் "1 மாத்திரை" என்று இருந்தது, அவர் ஒரு மாத்திரை போட்டார். 10, 40 இரண்டு மாத்திரைகளும் கிட்டத்தட்ட ஒரே பருமன், ஒரே வெள்ளை நிறம். இதைப் பாட்டியிடமும், பிறகு எல்லோரையும் கூட்டிவைத்து அவர் மகனிடமும் மருமகளிடமும் சொன்னேன். அந்த வீட்டில் குற்றவாளி யாரும் இல்லை.

பிழையின் வேர்கள் வேறு இடத்தில் இருந்தன. தமிழ்ச் சீட்டில் மில்லிகிராம் இல்லை. கடையில் வேறு வீரியத்தைக் கொடுத்தார்கள். ப்ரொப்ரனலால் மருத்துவர் சீட்டில்லாமல் விற்கக் கூடாத எச் பட்டியல் மருந்து. 1945ஆம் ஆண்டின் மருந்து விதிகள், அத்தகைய மருந்தில் எழுதியதற்குப் பதிலாக வேறொரு தயாரிப்பைக் கொடுப்பதைத் தடுக்கின்றன, உள்ளே இருப்பது அதே மருந்தாக இருந்தாலும். பெரியவருக்கு 40ஐக் கால் செய்து கொடுத்தால் பெரிய ஆபத்து நேராமல் போகலாம். கைக்குழந்தைக்கு அந்தத் துணிச்சல் ஆகாது. கடைக்காரர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, இரவு நேரத்தில் வெறுங்கையோடு அனுப்ப வேண்டாம் என்று உதவியிருக்கிறார். போனில் பேசியபோது அவரே அதிர்ந்துபோனார். கைக்குழந்தைக்கு என்று அவருக்குத் தெரியும், ஆனால் வீட்டில் முழு மாத்திரையைக் கரைத்து அதில் ஒரு பங்கு எடுக்கும் முறை அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் "கால்" என்று சொல்லியிருப்பார், கணக்கும் சரியாகத்தான் வந்திருக்கும். அந்தச் சொல் அடுப்படிக்குப் போய்ச் சேரவில்லை, அதுதான் நடந்தது.

மூன்றாவது காரணம் பால். குழந்தை சரியாகக் குடிக்காத நாளில் மருந்தை நிறுத்த வேண்டும் என்று மதுரையில் வாயால் சொல்லியிருக்கிறார்கள். சீட்டில் "பால் குடித்த பிறகு" என்று மட்டும் இருந்தது. குடிக்காவிட்டால் என்ன செய்வது என்று இல்லை. வேளை தவறாமல் மருந்து கொடுப்பதுதான் நல்ல வளர்ப்பு என்று நம்பும் ஒரு பாட்டி, சளி பிடித்த நாளில் மருந்தை விட்டுவிடலாமா என்று தானாகவே நினைக்க மாட்டார்.

மீண்டும் தொடங்கலாமா

வீட்டில் பெரும்பான்மை, போதும் இந்த மருந்து என்றது. அப்பாவின் அண்ணன் போனிலேயே, "பச்சப்பிள்ளைக்குப் பிரஷர் மாத்திரையக் கொடுத்ததே தப்பு" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. 2025 அக்டோபரில் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில், டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு கலந்த இருமல் சிரப்பால் குழந்தைகள் இறந்த செய்திக்குப் பிறகு, எங்கள் கவுன்ட்டரில் வரும் அம்மாக்கள் எந்த மருந்தையும் இரண்டு தரம் கேட்டுத்தான் வாங்குகிறார்கள். கேட்பது நல்லதே.

மதுரைத் தோல் மருத்துவர், எங்கள் குழந்தை மருத்துவர், பெற்றோர் மூவரும் சேர்ந்து பேசினார்கள். ஆறு மாதம்கூட ஆகாத குழந்தைக்கு இப்போது நிறுத்தினால் கட்டி திரும்ப வீங்க வாய்ப்புண்டு, கண் மறுபடி மூடும். பாதிப்பு கூடுதல் அளவாலும் பட்டினியாலும் வந்தது, சரியான அளவில் இரண்டு மாதத்துக்கு மேல் எந்தத் தொல்லையும் இல்லை. அதனால் சளி முழுக்கத் தெளிந்த பிறகு, எங்கள் வார்டில் முதல் வேளையைக் கொடுத்து, குறைந்த அளவிலிருந்து படிப்படியாகத் தொடங்குவது என்று முடிவானது. அம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார்: தன் மாமியார் முன்னிலையில் எல்லாவற்றையும் மறுபடி சொல்ல வேண்டும், அவர்தான் கொடுக்கப்போகிறார். எங்களைவிட அவர் யோசித்தது சரி.

மருந்தை நாங்களே திரவமாகத் தயாரித்துக் கொடுக்கலாமா என்றும் பேசினோம். வேண்டாம் என்று முடிவெடுத்தோம். கெடாமல் வைக்கும் பொருள்களும் கரைப்பான்களும் சேர்த்தால்தான் அது வாரக்கணக்கில் நிற்கும். அவற்றில் சில கைக்குழந்தைகளுக்கே ஆகாதவை. சோதித்துப் பார்க்கும் வசதி எங்களிடம் இல்லை. அதோடு, ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு அடர்த்தியில் செய்தால், ஊர் மாறும்போது இதே பிழை வேறு உருவில் வரும்.

மாற்றியவை

குழந்தையோடு இப்போது ஒரே ஓர் அட்டை போகிறது. ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளமும் ஆங்கிலமும். முதல் வரி மில்லிகிராம்: "ஒரு வேளைக்கு 6 மி.கி." அடுத்தது, "10 மி.கி. மாத்திரை மட்டும், வேறு எண் இருந்தால் வாங்காதீர்கள், அழையுங்கள்." கரைக்கும் முறை அதற்குப் பிறகுதான். அட்டையில் மாத்திரைப் பட்டையின் படம், 10 என்ற எண்ணைச் சுற்றி வட்டம். மலையாளப் பக்கம் கடைக்காரருக்கானது: கைக்குழந்தை, வீட்டில் கரைத்துக் கொடுக்கிறார்கள், வீரியம் மாற்ற வேண்டாம், எல்.ஏ. வேண்டாம். பழைய துண்டுச்சீட்டைச் சுவரிலிருந்து கிழித்துவிட்டேன் என்று அப்பா படமெடுத்து அனுப்பினார்.

பெரிய எழுத்தில் தனியாக ஒரு வரி: "பால் இல்லை என்றால் மருந்து இல்லை." வாந்தி, சளி, மூச்சிரைப்பு, குடிக்க மறுப்பது, எதுவானாலும் அந்த வேளையை விட்டுவிட வேண்டும். ஒரு வேளை தவறினால் கட்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது. வியர்த்துச் சோர்ந்தால் கன்னத்தின் உட்பக்கம் சர்க்கரைக் கரைசலைத் தடவிக்கொண்டே கிளம்ப வேண்டும். சிரிஞ்சில் 6 மில்லிக்கு நேராகச் சிவப்பு டேப் ஒட்டிக் கொடுத்தோம், எடை கூடி அளவு மாறும்போது பழைய சிரிஞ்சை வாங்கிக்கொண்டு புதியது தருகிறோம்.

மாத்திரை வாங்கும் இடத்தையும் மாற்றினோம். அப்பாவின் ஜீப் வாரம் ஒருமுறையாவது கம்பம் வரும். மாதத் தேவையை எங்களிடமே வாங்கிக்கொள்கிறார்.

நடந்ததை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கையாக அனுப்பினேன். 2010 முதல் நடக்கும் திட்டம், காஜியாபாத்தில் உள்ள இந்திய மருந்தகக் கோவை ஆணையம் ஒருங்கிணைக்கிறது. மருந்தாளுநரும் செவிலியரும் மட்டுமல்ல, பெற்றோரும் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் சொல்லலாம். உரிமத்துக்கு வெளியே கொடுக்கும் மருந்துக்கு இது கூடுதல் அவசியம். தயாரித்த நிறுவனம் இந்த வயதில் சோதித்துப் பார்க்கவில்லை, நாம் எழுதாவிட்டால் வேறு யாரும் எழுதப் போவதில்லை. கடைப் பிழை என்று எழுதாமல் விடுபவர்கள் உண்டு. மருந்தின் பக்கவிளைவாக இருந்தாலும் கொடுத்ததில் வந்த பிழையாக இருந்தாலும் குழந்தைக்கு இறங்கியது ஒரே சர்க்கரைதான் என்பதால், இரண்டையும் சேர்த்தே எழுதினேன்.

தொடர்ந்தது

குழந்தைக்கு நடுவில் இரண்டு முறை வயிற்றுப்போக்கும் ஒருமுறை கடுஞ்சளியும் வந்தன. மூன்று முறையும் பாட்டி மருந்தை நிறுத்திவிட்டு எங்களுக்குப் போன் செய்தார். பதின்மூன்றாவது மாதத்தில் அளவைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தினார்கள். இமையில் வெளிறிய, சற்றுத் தளர்ந்த தோல் மட்டும் இருக்கிறது. கண் மருத்துவர் இரண்டு கண்களின் பார்வையும் சமம் என்கிறார், மூன்று வயது வரை ஆறு மாதத்துக்கொரு முறை பார்ப்பார்.

இதே அட்டை முறையை, மாத்திரையைக் கரைத்துக் குடிக்கும் மற்றக் குழந்தைகளுக்கும் எங்கள் மருத்துவமனையில் தொடங்கினோம். இதயக் கோளாறுக்குக் கேப்டோப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும், நுரையீரல் அழுத்தத்துக்குச் சில்டனாஃபிலும், அட்ரினல் குறைபாட்டுக்கு ஹைட்ரோகார்ட்டிசோனும் எடுக்கும் பிள்ளைகள். ஒவ்வொரு வீட்டாரையும் ஒருமுறை எங்கள் மேசையில் செய்து காட்டச் சொல்கிறோம், யார் உண்மையில் கொடுக்கிறாரோ அவரை. அப்படிப் பார்த்தபோது, சில்டனாஃபில் கொடுக்கும் ஒரு வீட்டில் காய்ச்சல் சிரப்போடு வந்த மூடியால் அளப்பது தெரிந்தது. வேறொரு வீட்டில் ஒரு நாள் மருந்தைக் காலையிலேயே கரைத்து மூடிவைக்கிறார்கள்.

மலைமேல் கடைகளுக்கு 10 மி.கி. அட்டை இன்னும் ஒழுங்காக வருவதில்லை. வாங்குபவர்கள் குறைவு என்பதால் விநியோகஸ்தர் அனுப்புவதில்லை. இரண்டு கடைக்காரர்களிடம் மாதத்துக்கு எத்தனை அட்டை தேவைப்படும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். அவர்கள் வரவழைக்கும் வரை, மலையேறும் குழந்தைகளுக்கு நாற்பது நாள் மாத்திரையைக் கையில் கொடுத்தே அனுப்புகிறோம்.